படம் ஓடுது, ஆள் தெரியல

டிவி ரிப்பேர் தொழிலில் ஒரு காலத்தில் "படம் வரல" என்று போன் வரும். இப்போதெல்லாம் "படம் வருது, ஆனா ஒண்ணும் தெரியல" என்று வருகிறது.

நீங்களும் இந்த அவஸ்தையைப் பட்டவராகத்தான் இருப்பீர்கள். பெரிய டிவியாகப் பார்த்து வாங்கி, சுவரில் மாட்டி, நெட்டில் புதுப் படம் போட்டு, குடும்பமே வரிசையாக உட்கார்ந்த பிறகு திரையில் யாரோ நடக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள், யாரென்று மட்டும் தெரியாது. எழுந்து போய் லைட்டை அணைத்திருப்பீர்கள். ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள். ரிமோட்டில் பிரைட்னஸை முழுசாக ஏற்றியிருப்பீர்கள். கறுப்பு சாம்பலாக மாறியிருக்குமே தவிர ஆள் தெரிந்திருக்காது.

எல்லாம் எச்டிஆர் என்கிற சமாச்சாரம். வெளிச்சத்தைக் கண்ணைப் பறிக்கிற வெளிச்சமாகவும் இருட்டை ஆழமான இருட்டாகவும் காட்டுவதற்கென்றே அப்படி எடுத்து அனுப்புகிறார்கள். அவ்வளவு வெளிச்சம் தரும் தெம்பு நம் டிவிக்கு இல்லாவிட்டாலோ, தெம்பு இருந்தும் கரண்டை மிச்சப்படுத்தும் செட்டிங் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ, இருட்டு மட்டும் ஒழுங்காக வந்து சேரும். கேபிளில் சீரியல் பளிச்சென்று இருக்கும். நெட் படம் மட்டும் அமாவாசை. இரண்டுக்கும் டிவி தனித்தனியாக செட்டிங் வைத்திருப்பதால், சீரியல் ஓடும்போது நீங்கள் ஏற்றுகிற வெளிச்சம் நெட் படத்துக்குப் போய்ச் சேராது.

என் பெயர் தேன்மொழி. காஞ்சிபுரத்தில் எல்லாக் கம்பெனி டிவியும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. கதவைத் திறக்கிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் மெக்கானிக் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த அதிர்ச்சி அவர்களுக்கு. உள்ளே போன பிறகு அதிர்ச்சி எனக்கு. நான் தனியாக வாங்கிய அதிர்ச்சிகளில் சிலதை உங்களோடு பங்கு போட்டுக்கொள்கிறேன்.

முகூர்த்தத்துக்குக் கறுப்புப் புடவை

சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் ராமலிங்கம் என்பவருக்குப் பட்டுப் புடவைக் கடை. சின்னக் கடைதான். வருகிறவர்களுக்கெல்லாம் புடவையைப் பிரித்துப் போட்டு மடித்து வைக்க ஆள் இல்லை என்று, சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டினார். ஒவ்வொரு புடவையையும் தன் புதுப் போனில் வீடியோ எடுத்து நெட்டில் ஏற்றி டிவியில் ஓட விடுவது என்று ஏற்பாடு. "புடவையெல்லாம் கொஞ்சம் மங்கலா தெரியுதும்மா, ஒரு நடை வந்துட்டுப் போ" என்று காலையில் போன் பண்ணினார். நான் போனபோது ஓசூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி பாயில் உட்கார்ந்திருந்தது. நடுநாயகமாக மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் கல்யாணப் பெண்.

முகூர்த்தத்துக்கு அரக்கு நிறம் கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை. "இப்ப வருது பாருங்க" என்று ராமலிங்கம் பெருமையாகச் சொன்னார். வந்தது. ஜரிகை மட்டும் எங்கேயோ மினுக்க, புடவை முழுக்க அட்டைக் கறுப்பு. நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தேவிட்டார். "தாலி கட்டற நேரத்துக்குக் கறுப்பா? எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" பெண்ணின் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, "இந்தக் கடைக்குக் கூட்டிக்கினு வந்தது நீங்கதானே?" என்றார். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். ராமலிங்கம், அது கறுப்பில்லை என்று சொல்லச் சொல்ல, டிவியில் அடுத்த புடவையும் கறுப்பாகவே வந்து நின்றது. கோஷ்டி மொத்தமும் வாசலில் செருப்பைத் தேடியது. கல்யாணப் பெண் அழுகிற நிலையில் இருந்தாள்.

நான் ரிமோட்டைப் பிடித்தேன். போன் எச்டிஆரில் எடுத்திருக்கிறது. டிவி கரண்டு சேமிப்பில் கிடக்கிறது. சேமிப்பை எடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட்டை ஏற்றியதும் கறுப்புக்குள்ளிருந்து அரக்கு எழுந்து வந்தது. "ஐயா, இங்க பாருங்க" என்று திரும்பினால் ஆளைக் காணோம். அதே புடவையை அலமாரியிலிருந்து உருவி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நல்லவேளை, குறுக்கே ஒரு டவுன் பஸ் திரும்பியதால் கோஷ்டி ஏறிப் போன கார் நின்றது. கார் ஜன்னலுக்கு எதிரே வெயிலில் புடவையை விரித்துப் பிடித்தார். கண்ணாடி மெதுவாக இறங்கியது. எல்லோரும் திரும்பி வந்தார்கள்; அதே புடவையைத்தான் எடுத்தார்கள். அவர்கள் போன பிறகு, போனில் எச்டிஆரை அணைத்துவிட்டுப் படம் எடுக்க ராமலிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்து, "வெயில்ல எப்படி இருந்துச்சோ, இனிமே டிவியிலயும் அப்படியே தெரியும்" என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே டிவி மாட்டிய சுவரைப் பார்த்தார்.

"அந்த இடத்துல வெயில் வர்ற மாதிரி பெரிய ஜன்னல் ஒண்ணு இருந்துச்சும்மா. டிவி மாட்டணும்னுதான் செங்கல் வச்சு அடைச்சேன்."

உரித்த டிவி

கூரத்தில் ஏழுமலை என்று ஒருவர். நிலம் நீச்சு உண்டு, கட்சியில் ஏதோ பொறுப்பும் உண்டு. முதல் நாள் போன் பண்ணி, நெட்டில் மேட்ச் பார்த்தால் பந்து தெரியவில்லை, பந்து போடுகிறவனும் தெரியவில்லை என்றார். மறுநாள் வருகிறேன் என்றேன். மறுநாள் நான் வண்டியை எடுக்கும்போதே அவரிடமிருந்து போன்: "இருட்டு போயிடுச்சும்மா. வேற ஒரு பிரச்சினை, நேர்ல வா, சொல்றேன்." போனேன். திரை முழுக்க ட்யூப்லைட் மாதிரி வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் கூச்சல் கேட்கிறது, படம் இல்லை. கட்டில்மேல் கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஒன்று சுருட்டிக் கிடந்தது.

"புது டிவிமேல ஒரு பேப்பர் ஒட்டி அனுப்புவாங்களாம், அதைப் பிரிக்காததாலதான் இருட்டுன்னு மச்சான் சொன்னான்" என்றார் ஏழுமலை, கதவோரம் நின்றவரைக் காட்டி. மூலையில் பிளேடால் நெம்பி, ஒரு முனையை அவரும் மறு முனையை அவர் மனைவியும் பிடித்து, காலையெல்லாம் உட்கார்ந்து உரித்திருக்கிறார்கள். கையில் பிளேடு கிழித்த காயம் வேறு. "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் ஒட்டி இருக்கானுங்க. இப்ப வெளிச்சம் எப்படி இருக்குது பாரு. படந்தான் இன்னும் வரல."

அவர் உரித்தது டிவியின் தோலை. உள்ளே ஓடுகிற படத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்வதே அந்தப் பேப்பர்தான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சுருட்டிக் கிடந்ததை எடுத்து விரித்து டிவிக்கு முன்னால் பிடித்தேன். கசங்கின பேப்பருக்குள் பச்சை மைதானம் தெரிந்தது. ஒருவன் பந்தோடு ஓடி வந்தான். பேப்பரை நகர்த்தினால் வெறும் வெள்ளை. ஏழுமலையின் மனைவி "ஐயையோ, பேப்பர்ல ஆள் ஓடறான்யா!" என்று கத்தியே விட்டார். திரும்ப ஒட்ட முடியாது, புதுத் திரை போடுவதும் புது டிவி வாங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டு, ரொம்ப யோசித்து, மனைவியையும் மச்சானையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு பேப்பரைப் பிடிச்சுக்கினு நின்னா, மேட்ச் முடியற வரைக்கும் தாக்குப் பிடிக்குமாம்மா?"

சீரில் வந்த டிவி

ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். குரலே வெளியே வரவில்லை. "அக்கா, நீங்க வந்து பாருங்க. ஆனா டிவி கெட்டுப்போச்சுன்னு மட்டும் எல்லார் எதிர்லயும் சொல்லிடாதீங்கக்கா." பெயர் பவித்ரா. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டிவி அவளுடைய அப்பா சீரோடு கொடுத்தது. நான் போனபோது அந்த ஹாலில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. மாமியார் சோபாவில். புருஷன் கதவோரமாக நகத்தைக் கடித்துக்கொண்டு. பவித்ராவின் அப்பா வாலாஜாபாத்திலிருந்து வரவழைக்கப்பட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "கேபிள் நல்லாத்தான் தெரியுது. நெட்ல படம் போட்டா கரியைப் பூசின மாதிரி இருக்குது. கடையில திருப்பிக் குடுத்த பீஸை எங்க தலையில கட்டிட்டாங்க" என்றார் மாமியார், அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து. "இல்லைங்க சம்பந்தி, நானே கடைக்குப் போயி பிரிக்காத பெட்டிதான் எடுத்தேன். சரி, வேற ஒண்ணு வாங்கித் தந்துடறேன்" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

கதவுப் பக்கத்தில் ஒரு துணிப் பை ஜிப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. பவித்ராவின் அப்பா கொண்டுவந்ததாக்கும் என்று நினைத்து, வழியில் இருக்கிறதே என்று நகர்த்தப் போனேன். "அது இருக்கட்டும்மா" என்றார் மாமியார். "புது டிவி வர்ற வரைக்கும் பொண்ணும் அவங்க வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டோம்." சோபாவில் சாய்ந்தபடி, இன்று மாலை வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார். ஒரு டிவி இருட்டாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு பெண்ணின் துணிமணி பைக்குள் போயிருக்கிறது. இது செட்டிங் பிரச்சினையாக இல்லாமல் நிஜமாகவே உள்ளே ஏதாவது போயிருந்தால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

கடவுள் இருக்கிறார், செட்டிங்தான். டிவியில் நெட் படத்துக்கென்று ஒரு ஸ்டிக் செருகியிருந்தார்கள். அது எந்தப் படமாக இருந்தாலும் எச்டிஆராக மாற்றித் திணித்துக்கொண்டிருந்தது. படம் எப்படியோ அப்படியே அனுப்பு என்று அதில் மாற்றினேன். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகக் குறைத்துக்கொள்ளும் சென்சாரை டிவியில் அணைத்தேன். அதே படத்தைத் திரும்பப் போட்டதும் கதாநாயகியின் மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது. புருஷன்காரன்தான் முதலில் அசைந்தான். "சூப்பரா இருக்குதும்மா" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். பவித்ராவின் அப்பா எழுந்து என்னைக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "ம், பரவால்ல. சத்தந்தான் கம்மியா வருது" என்றார். நான் வண்டியை எடுக்கும்போது பவித்ரா கேட் வரை வந்தாள். "இனிமே பிரச்சினை வராதும்மா, பயப்படாதே" என்றேன். அவள் திரும்பி ஒரு தடவை வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"இவ்ளோ நாளா குத்தமெல்லாம் டிவி மேல இருந்துச்சுக்கா. நாளையிலேர்ந்து நேரா என் மேலதான்."

படத்தில் இல்லாத ஆள்

பிள்ளையார்பாளையத்தில் சுலோச்சனா என்று ஒரு அம்மா. கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. விடியும்போதே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பகலெல்லாம் இந்த அம்மாவும் டிவியும்தான். ஒரு மர்மத் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொலை நடக்கிற ராத்திரி சீன் மட்டும் தெரியவில்லை, யார் கொன்றதென்று தெரியாமல் மண்டை வெடிக்கிறது என்று போன். காலையிலேயே போனேன். வெளியே தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிவப்புப் பட்டு இழைகள் விறைப்பாக நின்றன. அதை உரசாமல் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். படம் தெரிய வேண்டுமென்று அந்த அம்மா ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு அறையை இருட்டாக வைத்திருந்தார். "எந்த சீன்னு போட்டுக் காட்டுங்க" என்றேன்.

போட்டார். காடு, ராத்திரி. திரை ஸ்லேட்டுப் பலகையாக இருந்தது. இரண்டு பேரும் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தோம். ஏதோ இலை அசைகிற மாதிரி இருந்தது. அப்புறம் வலது பக்கத்திலிருந்து ஒரு ஆள் மெதுவாக வந்தான். சட்டை தெரிந்தது, கையில் ஒரு பை தெரிந்தது. அந்த இருட்டில் அவன் மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிகிறான் என்று எனக்கு ஆச்சரியம். சுலோச்சனா அம்மா முகத்தைச் சுளித்தார். "இவன் யாரு? எத்தனை வாட்டி போட்டுப் பார்த்திருக்கேன், இந்த இடத்துல இப்படி ஒரு ஆள் கிடையாதே." அவன் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, இன்னும் கிட்டத்தில் குனிந்தார். "இது என் ஹேண்ட்பேக் மாதிரி இல்ல?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவன் படத்தில் இல்லை. எங்களுக்குப் பின்னால், திறந்து கிடந்த வாசல் வெளிச்சத்தில் இருக்கிறான்.

திரும்பினோம். மூன்று பேரும் அப்படியே நின்றோம். அவன் வாயைப் பிளந்தான். அந்த வீட்டில் ஒரு ஆள் என்று நினைத்து வந்தவனுக்கு இரண்டு பேர். கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது ஞாபகத்துக்கே வரவில்லை. சுலோச்சனா அம்மாதான் ரிமோட்டை வீசினார். அது அவன் நெற்றியில் பட்டது. அவன் பாய்ந்து வாசல் வழியாக ஓடினான், ஓடி நேராகப் பாவில் விழப்போனான். தெருவே ஒரே குரலில் "பாவு! பாவு!" என்று அலறியது. திருடன் என்று யாருக்கும் தெரியாது; அவர்கள் கத்தியது பட்டுக்காக. கால் பட்டு இழை அறுந்துவிடுமே என்று நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து அவனை அப்படியே அலேக்காகத் தூக்கிவிட்டார்கள். தூக்கின பிறகுதான் நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னோம். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. வீட்டுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வேலையை முடிப்போம் என்று, தரையில் கிடந்த ரிமோட்டை எடுத்து பேட்டரியைச் செருகி செட்டிங்கைத் திறந்தேன். சுலோச்சனா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா, கொஞ்ச நாளைக்கு இப்படி இருட்டாவே இருக்கட்டும். பின்னாடி யாரு வர்றாங்கன்னாவது தெரியுது."

போகாத இருட்டு

எங்கள் சென்டரில் தாவூத் பாய் என்று ஒரு சீனியர். திருப்பருத்திக்குன்றத்தில் சரவணன் என்கிற நெசவாளி வீட்டுக்கு அவர் இரண்டு தடவை போய் வந்திருந்தார். இரண்டு தடவையும் செட்டிங் எல்லாம் சரி பண்ணிவிட்டு வருவார். இரண்டு நாளில் சரவணன் மறுபடி போன் பண்ணுவார், படம் இருட்டாகவே இருக்கிறது என்று. "பேஜாரு புடிச்ச கேஸும்மா, இந்த வாட்டி நீ போயிட்டு வா" என்று பாய் என்னை அனுப்பினார். சரவணனுக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. மனைவி கற்பகம் சாதம் வடித்துக்கொண்டிருந்தார். டிவியைப் போட்டுப் பார்த்தேன். நெட் படம் பளிச்சென்று இருந்தது. பாய் ஒரு குறையும் வைக்கவில்லை. "நல்லாத்தானேப்பா இருக்குது" என்றேன். "இல்லக்கா. இந்தப் பக்கம் இருட்டா இருக்குது பாருங்க" என்று திரையின் இடது கீழ் மூலையைக் காட்டினார் சரவணன். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கற்பகமும் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுன்னு நானும் சொல்றேன், இவரு கேக்கறதில்ல" என்றார்.

சில டிவியில் ஒரு மூலை லைட் மட்டும் போயிருக்கும். அதைப் பார்ப்பதற்காகத் திரை முழுக்க வெறும் வெள்ளை வரவைத்தேன். ஒரே மாதிரி வெள்ளை, எங்கேயும் கறை இல்லை. சரவணன் மட்டும் எழுந்து வந்து திரையில் விரலை வைத்து வளைவாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இங்கேர்ந்து இதுவரைக்கும், திரை இழுத்துவிட்ட மாதிரி." அவர் முகத்தைத் திருப்பினார், கோடும் கூடவே நகர்ந்தது. "இப்ப இங்க இருக்குதுக்கா." அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியில் இருக்கிற இருட்டு, ஆள் தலையைத் திருப்பினால் கூடவே வராது. ஒரு கண்ணை மூடச் சொன்னேன். "இப்ப கோடு இல்லக்கா, நல்லாத் தெரியுது" என்றார் சந்தோஷமாக. அடுத்த கண்ணை மூடச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "கிட்டத்தட்ட பாதியைக் காணோமே" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நாளாகவே ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டிக்கொண்டிருந்ததாம். டிவி ஃப்ளிக்கர் என்று நினைத்தாராம். தறியில் உட்கார்ந்தால் கரையில் இழை தப்புகிறது, முதலாளி சத்தம் போடுகிறார், தூக்கமில்லை அதனால்தான் என்று நினைத்தாராம். கற்பகம் அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றார். நான்தான் போய் அணைத்தேன்.

இது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. டிவி இல்லை என்பது மட்டும்தான் தெரியும். ஒரு ஆட்டோவைப் பிடித்து மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் பின்பக்கத்து விழித்திரை உரிந்து வருகிறது, நடுப்பகுதி இன்னும் போகவில்லை, இன்றைக்கே மெட்ராஸ் கிளம்புங்கள் என்றார். அன்று இரவே சேர்த்து, மறுநாள் ஆபரேஷன். சென்டரில் தாவூத் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "யா அல்லா, ரெண்டு வாட்டி போயி வெளிச்சத்தை ஏத்தி விட்டுட்டு வந்தேனே, அந்த ஆளு மூஞ்சியை நான் பார்க்கவே இல்லியே" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு, விழித்திரை மறுபடி ஒட்டிக்கொள்வதற்காக, சரவணன் பல நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டியிருந்தது. கற்பகம் டிவியைப் போட்டு, யார் வருகிறார், யார் அடிக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தரையைப் பார்த்தபடியே கதை கேட்டிருக்கிறார். பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் திரும்பவில்லை. மறுபடி தறியில் உட்கார்ந்த அன்றைக்கு அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. குரலைக் கேட்டதும் "கண்ணுக்கு ஏதாவதா?" என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா, கம்ப்ளைன்ட் இன்னும் ஓப்பன்லயே இருக்குதாம், மெசேஜ் வந்துக்கினே இருக்குது. டிவி நல்லாத்தான் இருந்துச்சுன்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க."

இப்படி ஊரெல்லாம் போய் இருட்டை விரட்டிவிட்டு அலுத்துக் களைத்து வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று எங்கள் டிவியில் கரண்டு சேமிப்பைப் போட்டுவிட்டு, கொலை செய்தது யார் என்று என்னிடம் கேட்கிறார்.